நஞ்சில் ஊறிய விதை: தக்காளியும் வேதிச் சடுதிமாற்றமும்

தக்காளி உருவத்தில் பல வேடம் கட்டும். சுண்டைக்காய் அளவில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது உண்டு. ஒரே பழம் அரைக் கிலோ நிற்பதும் உண்டு. ரசத்துக்குப் பிழியத் தோதான புளிப்பு ரகம் ஒருபுறம், நாள் கணக்கில் லாரியில் போனாலும் நசுங்காத கெட்டித்தோல் ரகம் மறுபுறம். இதையெல்லாம் பார்த்து, இந்தப் பயிருக்குள் பெரிய மரபுச் செல்வம் இருப்பதாக நினைத்தால் அது தவறு. பெரு, ஈக்வடார் மலைச்சரிவுகளில் வளரும் காட்டு உறவுகளோடு ஒப்பிட்டால், பயிர்த் தக்காளியிடம் எஞ்சியிருப்பது மொத்த மரபு வேறுபாட்டில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு, அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு, பிறகு உலகெங்கும் என்று பயணப்பட்டபோது, ஒவ்வொரு துறையிலும் கரையேறியது ஒரு கைப்பிடி விதைதான். மீதி அங்கேயே நின்றுவிட்டது.

வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பயிர்ப் பெருக்க அறிஞருக்கு அப்போது இரண்டு வழிகள். ஒன்று, காட்டு இனங்களோடு ஒட்டுச் சேர்த்து வேண்டிய பண்பைக் கொண்டுவருவது. நல்ல வழிதான். ஆனால் நோய் எதிர்ப்போடு சேர்ந்து சிறு காய், கசப்பு, தாமதமாகப் பழுக்கும் குணம் எல்லாம் கூடவே வரும். அவற்றைக் கழித்துக்கட்டப் பல தலைமுறைகள் ஆகும். இன்னொன்று, கையில் இருக்கும் நல்ல ரகத்திலேயே புதிய வேறுபாட்டை உண்டாக்குவது. அதாவது சடுதிமாற்றத்தைத் தூண்டுவது.

இந்த இரண்டாம் வழியைத் தக்காளிக்கு முதலில் காட்டியது இயற்கையே. 1914இல் ஃபுளோரிடாவில் ஒரு தக்காளிச் செடி கொடியாக நீண்டுகொண்டே போகாமல், ஓரளவு வளர்ந்ததும் தானாக நின்று புதராகக் காய்த்தது. அதன் ஒரே ஒரு மரபணு பழுதாகியிருந்தது. பின்னாளில் எஸ்.பி. என்று பெயர்பெற்ற அந்த மாற்றம் இல்லாமல், பந்தல் கட்டாமல் வயலில் தக்காளி போடுவதோ, இயந்திரத்தால் ஒரே முறையில் அறுவடை செய்வதோ நடந்திருக்காது. சாஸ் புட்டிகளில் அடைபடும் தக்காளி அநேகமாக எல்லாமே அதன் வழிவந்தவை. 1968இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான 'ரின்' என்னும் சடுதிமாற்றச் செடியின் பழம் சிவப்பதே இல்லை. ஆனால் அதைச் சாதாரண ரகத்தோடு சேர்த்தால் பிறக்கும் கலப்பினம் மெதுவாகப் பழுத்துப் பல நாட்கள் கெடாமல் இருக்கும். பெரிய கடைகளின் அடுக்குகளில் நெடுநாள் உட்கார்ந்திருக்கும் தக்காளி பிறந்தது அப்படித்தான். தற்செயலாக நிகழ்ந்த இரண்டு பழுதுகள் ஒரு பயிரின் வணிகத்தையே மாற்றிவிட்டன. இப்படிப்பட்ட மாற்றங்களுக்காக இயற்கையை நம்பிக் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியிலிருந்துதான் வேதிப்பொருள்களின் கதை தொடங்குகிறது.

கதிர்வீச்சு முதலில் வந்தது. 1927இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களிலும், அடுத்த ஆண்டு லூயிஸ் ஸ்டாட்லர் பார்லி, மக்காச்சோளத்திலும் எக்ஸ் கதிரால் மரபு மாற்றம் உண்டாவதைக் காட்டினார்கள். வேதிப்பொருளாலும் அது முடியும் என்பது இரண்டாம் உலகப் போரின் நடுவே, கடுகு வாயு என்னும் கொடிய போர்க்கருவியின் வழியாகத் தெரியவந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்த யூதப் பெண் அறிஞர் ஷார்லட் அவர்பாக். கடுகு வாயு பட்ட புண்ணும் எக்ஸ் கதிர் பட்ட புண்ணும் ஒன்றுபோலவே இருப்பதையும் ஆறத் தாமதமாவதையும் கவனித்தவர் மருந்தியலாளர் ஜே. எம். ராப்சன். இருவரும் சேர்ந்து பழ ஈக்களை அந்த வாயுவுக்கு ஆட்படுத்தினார்கள். அவர்பாக்கின் கைகள் வெந்துபோயின. ஈக்களின் மரபணுக்கள் மாறின. போர் ரகசியம் என்பதால் முடிவு 1946இல்தான் வெளியானது. அதே காலத்தில் சோவியத் ரஷ்யாவில் யோசிஃப் ராப்பொப்போர்ட் தனித்து இதே உண்மையை வேறு வேதிப்பொருள்களைக் கொண்டு கண்டார்.

கடுகு வாயு வயலுக்கு ஆகாது. பிறகு வந்த பொருள்களில் பயிர் ஆய்வில் நிலைத்து நின்றது எத்தில் மீத்தேன் சல்ஃபோனேட். ஆய்வகத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, ஈ.எம்.எஸ். என்பார்கள். பார்வைக்கு நிறமற்ற நீர்மம். அது செய்யும் வேலை நுட்பமானது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் மீது ஓர் எத்தில் தொகுதியை ஒட்டிவிடுகிறது. ஒட்டுப் பெற்ற குவானின், செல் பிரியும்போது தன் வழக்கமான இணையான சைட்டோசினை விட்டுவிட்டுத் தைமினோடு சேர்கிறது. அடுத்த பிரிவில் அந்த இடத்தில் ஜி–சி இணைக்குப் பதிலாக ஏ–டி இணை நிலைபெறுகிறது. காமா கதிர் டி.என்.ஏ. இழையையே அறுத்துத் துண்டங்களை இழக்கச் செய்யக்கூடியது. ஈ.எம்.எஸ். பெரும்பாலும் ஒற்றை எழுத்தை மட்டும் மாற்றுகிறது. தக்காளி ஆய்வில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது போகப்போகத் தெரியும்.

செய்முறை எளிது; காத்திருப்பு நீளம். முதலில் விதையைத் தண்ணீரில் ஊறவைத்து முளைப்பைத் தூண்டுவார்கள். பிறகு ஏறத்தாழ அரை முதல் ஒரு விழுக்காடு ஈ.எம்.எஸ். கரைசலில் அரை நாளோ சற்றுக் கூடுதலாகவோ அசைத்துக்கொண்டே வைத்திருப்பார்கள். எந்த அடர்த்தியில் எத்தனை விதை சாகிறது என்று முன்கூட்டியே சோதித்து, பாதி விதைகள் பிழைக்கும் அளவை ஒட்டி முடிவு செய்வது வழக்கம். கழுவி விதைத்ததும் வளரும் முதல் தலைமுறையில் ஒன்றும் தெரியாது. விதைக்குள் இருந்த கரு பல செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு மாற்றம் நேர்ந்திருப்பதால், செடியின் ஒரு கிளை ஒரு மாதிரியும் இன்னொரு கிளை வேறு மாதிரியும் இருக்கும். பெரும்பாலான மாற்றங்கள், மரபணுவின் இரு பிரதியும் மாறினால்தான் வெளியே தெரியும் ஒடுங்கு பண்புகள் வேறு. தன் மகரந்தத்தால் தானே கருவுற்று வந்த இரண்டாம் தலைமுறையில்தான் மறைந்திருந்தவை வெளிப்படும்: வெளிறிய இலை, குட்டை, பூக்காத செடி, விதையில்லாக் காய், அபூர்வமாக ஒரு நல்லது. தன் மகரந்தச் சேர்க்கை, பழத்துக்கு நூறு விதைக்கு மேல், 12 இணைக் குரோமோசோம்கள் மட்டுமே கொண்ட எளிய மரபுத்தொகுதி ஆகியவற்றால் தக்காளி இந்த வேலைக்கு வாகாக அமைந்த பயிர்.

'வேதிப்பொருள்' என்றதும் எழும் அச்சத்தையும் இங்கேயே பேசிவிடலாம். ஈ.எம்.எஸ். ஆபத்தான பொருள், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. 2007இல் ரோஷ் நிறுவனத்தின் விராசெப்ட் என்ற எச்.ஐ.வி. மருந்தில் அது கலந்திருந்தது தெரிந்து, ஐரோப்பாவில் அந்த மருந்து முழுவதையும் திரும்பப் பெற்றார்கள். எனவே ஆய்வகத்தில் கையுறை, நச்சுக்காற்றுப் போக்கி, மிச்சக் கரைசலை முறிக்கச் சோடியம் தயோசல்ஃபேட் எல்லாம் கட்டாயம். ஆபத்து விதையை நனைப்பவருக்குத்தான். பழத்தைத் தின்பவருக்கு இல்லை. அந்தப் பொருள் தண்ணீரில் தானாகவே சிதைந்துபோகும். விவசாயி கைக்கு வரும் விதை பல தலைமுறைகள் தாண்டியது. அதில் மாறிய எழுத்து இருக்கும், மாற்றிய மருந்து இருக்காது.

அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட இந்த முயற்சியில் விளைந்தது என்ன? ரகங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். உணவு வேளாண்மை நிறுவனமும் பன்னாட்டு அணுசக்தி முகமையும் சேர்ந்து பராமரிக்கும் பதிவேட்டில், எல்லாப் பயிர்களிலும் சேர்த்து 3,200க்கும் மேற்பட்ட சடுதிமாற்ற ரகங்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி கதிர்வீச்சில் பிறந்தவை; முன்னணியில் நிற்பது நெல், தக்காளி அல்ல. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, அதாவது 'மருதம்' தக்காளி, கோ 1 ரகத்தின் விதைகளை ஈ.எம்.எஸ். கொண்டு மாற்றிப் பெற்றது. கதிர்வீச்சே கோலோச்சிய காலத்தில், வேதிப்பொருளால் பெற்ற தக்காளியை விவசாயிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த முயற்சி அது. அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பெரிய அறுவடை நடந்தது அறிவில். நெதர்லாந்தின் வாகனிங்கனில் மார்ட்டென் கோர்ன்னீஃப் ஈ.எம்.எஸ். கொண்டு உண்டாக்கிய, ஜிப்பரெலின் சுரக்காத தக்காளிகள், விதை முளைக்க அந்த ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கின. கிழக்கு ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபனில் ஹான்ஸ் ஸ்டுப்பே பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த சடுதிமாற்றச் செடிகள், கலிஃபோர்னியாவில் சார்லஸ் ரிக் பெயரால் இயங்கும் தக்காளி மரபு வள மையத்தில் இன்றும் விதையாக வாழ்கின்றன. கேட்கும் ஆய்வாளருக்கு அனுப்பப்படுகின்றன.

இந்த வரிசையில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 2004இல் இஸ்ரேலின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் டானி ஸமீர் குழுவினர், எம்82 என்ற ஒரே ரகத்தின் விதைகளை ஈ.எம்.எஸ்.ஸுக்கும் வேக நியூட்ரான்களுக்கும் ஆட்படுத்தி, 13,000 குடும்பங்களை வயலில் வளர்த்தார்கள். ஒவ்வொரு செடியையும் நேரில் பார்த்து 3,417 மாற்றங்களைப் படத்தோடு பட்டியலிட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதில் பெரும்பாலானவை பார்வைக்கு நோஞ்சான்கள். ஸாக்கரி லிப்மன், ஊரி கிரீகர், ஸமீர் மூவரும் கேட்ட கேள்வி வித்தியாசமானது: இந்த நோஞ்சான்களை மீண்டும் நல்ல எம்82வோடு சேர்த்தால், பழுது பாதியாக இருக்கும் அந்தக் கலப்பினம் எப்படி இருக்கும்? பூப்பதற்குக் கட்டளையிடும் எஸ்.எஃப்.டி. என்ற மரபணு இரு பிரதியிலும் பழுதான செடி தாமதமாகப் பூக்கும், காய் சொற்பம். ஒரு பிரதி மட்டும் பழுதான கலப்பினமோ விளைச்சலில் 60 விழுக்காடு வரை கூடுதலாகக் கொடுத்தது.

காரணம் அளவு. எம்82 அந்த ஃபுளோரிடாச் செடியின் எஸ்.பி. பழுதைக் கொண்டது, பூக்கட்டளைக்கு இருக்க வேண்டிய தடை அதில் இல்லை. அதனால் சீக்கிரம் பூத்து, சீக்கிரம் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். கட்டளையின் வலு பாதியானதும், செடி முடிவதற்குள் இன்னும் சில பூங்கொத்துகளை வைத்துவிடுகிறது. குழம்பில் உப்பு போல, கூடினாலும் கெடும், இல்லாவிட்டாலும் கெடும். சரியான அளவு நடுவில் எங்கோ இருக்கிறது. 2014இல் அதே வழியில் மேலும் சென்ற லிப்மன் குழு, எஸ்.எஃப்.டி.யின் கூட்டாளிப் புரதத்தில் ஈ.எம்.எஸ். உண்டாக்கிய ஒற்றை எழுத்து மாற்றங்களை எடுத்து, எஸ்.எஃப்.டி. பழுதோடு வெவ்வேறு விகிதத்தில் இணைத்து, கொடிக்கும் புதருக்கும் நடுவே வேண்டிய இடத்தில் செடியின் உருவத்தை நிறுத்திக் காட்டியது. மரபணுவை முழுதாக உடைப்பதைவிட அதன் வலுவைச் சற்றே குறைப்பதில்தான் பயிர் மேம்பாட்டின் உயிர் இருக்கிறது. ஒரு முழுத் துண்டத்தை அறுத்தெறியும் கதிரால் இந்த நுட்பம் எளிதில் வராது. ஒற்றை எழுத்தைத் திருத்தும் ஈ.எம்.எஸ்.ஸுக்கு அது இயல்பு.

செடியைக் கண்ணால் பார்த்துத் தேடும் காலமும் மாறியது. 2000இல் அமெரிக்காவின் சியாட்டிலில் உருவான 'டில்லிங்' முறை, வயலுக்குப் பதிலாக டி.என்.ஏ.வில் தேடுகிறது. ஆயிரக்கணக்கான சடுதிமாற்றச் செடிகளின் டி.என்.ஏ.வைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டிய மரபணுவில் எந்தச் செடிக்கு எழுத்து மாறியிருக்கிறது என்று நேராகக் கண்டுபிடிப்பார்கள். இத்தாலியின் ரெட் செட்டர், ஜப்பானிலும் பிரான்சிலும் மைக்ரோ-டாம் என்ற குட்டை ரகம், ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பெங்களூரு தோட்டக்கலை நிறுவனத்தின் அர்க்கா விகாஸ் என்று பல நாடுகள் தத்தமக்கான தொகுப்புகளை உருவாக்கின. ஜப்பானின் தொகுப்பிலிருந்து 2011இல் கிடைத்த ஒரு செடியில், பழுக்கவைக்கும் ஹார்மோனான எத்திலீனை உணரும் மரபணு முழுதாகச் செவிடாகாமல் சற்று மந்தமாகியிருந்தது. அதன் பழம் நிறம் குன்றாமல், 'ரின்' போலச் சிவப்பை இழக்காமல், கூடுதல் நாட்கள் தாங்கியது. இந்தியாவில் விளையும் தக்காளியில் 12 விழுக்காட்டுக்கு மேல் அறுவடைக்குப் பின் வீணாவதாக மத்திய அரசின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் கணக்கிட்டிருக்கிறது. கிலோ இரண்டு ரூபாய்க்கு இறங்கும்போது சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிக்கு, நாலைந்து நாள் கூடுதல் ஆயுள் என்பது சின்ன விஷயமில்லை.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது. முதல் குறை கூட்டமாக வரும் மாற்றங்கள். ரெட் செட்டர் தொகுப்பில் ஒரு விழுக்காடு ஈ.எம்.எஸ். கொடுத்தபோது, ஏறத்தாழ 3,22,000 எழுத்துக்கு ஒரு மாற்றம் விழுந்திருந்தது. தக்காளியின் மொத்த மரபுத்தொகுதி 90 கோடி எழுத்து. அப்படியானால் ஒரு செடியில் சுமார் 2,800 மாற்றங்கள். நாம் தேடுவது அதில் ஒன்று. மற்றவற்றைக் கழிக்க நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்க்க வேண்டும். இந்த வேலையைச் சுருக்கும் நிலையங்களிலிருந்து வரும் ரகங்கள் வயலில் சோடைபோவதில் வியப்பில்லை.

இரண்டாவது, மறைந்திருக்கும் விலை. பழம் முழுதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று ஒரு மாற்றத்தை உலகம் முழுவதும் பெருக்கினார்கள். பழத்தில் பச்சையம் சேர உதவும் மரபணு அதனால் செத்திருப்பதும், பழத்தின் சர்க்கரை குறைந்து சுவை மங்கியதும் 2012இல்தான் தெரியவந்தது. அது இயற்கையில் நேர்ந்த மாற்றம் என்றாலும் பாடம் பொது: ஒரு பண்பைக் கண்ணில் வைத்துத் தேர்ந்தெடுப்பவர், நாவில் போனதைக் கவனிக்காமல் விடலாம். காம்புப் பக்கம் பச்சை படர்ந்து பழுக்கும் ரகங்களைச் சந்தையில் மட்டமாக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது குறை அடிப்படையானது. ஈ.எம்.எஸ். இருப்பதை உடைக்கும், வலுக்குறைக்கும். இல்லாததைப் படைப்பது அரிது. பிரெஞ்சு ஆய்வாளர்களின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. உருளைக்கிழங்கு ஒய் வைரஸ் குடும்பம் செடிக்குள் பெருக, செடியின் ஈ.ஐ.எஃப்.4ஈ என்ற புரதம் தேவை. அந்த மரபணுவை உடைத்த தக்காளியை 2010இல் டில்லிங் மூலம் கண்டெடுத்தார்கள். சில வைரஸ்கள் அதில் தொற்றவில்லை. ஆனால் காட்டுத் தக்காளியில் இருக்கும் இதே மரபணுவின் இயற்கை வடிவம் தரும் பாதுகாப்பு அதைவிட அகலமானது. காட்டு வடிவம் செடிக்கு வேலை செய்துகொண்டே வைரஸை மட்டும் ஏய்க்கிறது. உடைந்த வடிவமோ வேலையையே நிறுத்திவிட, அதன் உடன்பிறப்பு மரபணு அந்த வேலையை ஏற்று, வைரஸுக்கும் கதவு திறந்துவிடுகிறது. இரண்டையும் உடைத்தால் செடியே குன்றுகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுப் போரில் காட்டுச் செடி கற்ற பாடத்தை ஓர் இரவு ஊறலில் பெற முடியாது. இலைச்சுருள் வைரஸை எதிர்க்கும் முக்கிய மரபணுக்கள் காட்டு இனங்களிலிருந்தே வந்தன என்பதும் இதையே சொல்கிறது.

அப்படியானால் மரபணுத் திருத்தம் வந்தபின் ஈ.எம்.எஸ். எதற்கு? கிரிஸ்பர் கருவி வேண்டிய மரபணுவை மட்டும் தொடுகிறது. 2,800 வேண்டாத மாற்றங்கள் இல்லை. ஜப்பானில் 2021இல் விற்பனைக்கு வந்த, காபா என்ற பொருள் மிகுந்த தக்காளி அப்படிப் பிறந்தது. எந்த மரபணு என்று தெரிந்துவிட்டால், அதை உடைக்கத் திருத்தமே குறுக்கு வழி, அதில் வாதமில்லை. ஆனால் எதைத் திருத்துவது என்று சொல்வது யார்? முன்முடிவு இல்லாமல் செடியிடமே கேட்கும் முறை சடுதிமாற்றம்தான். திசு வளர்ப்போ, உரிமக் கட்டணமோ, விலையுயர்ந்த கருவியோ தொடக்கத்தில் தேவையில்லை. எந்த நாட்டு ரகத்திலும் நேரடியாகச் செய்யலாம்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலை 25 அன்று, நெடுங்காலம் பாதுகாப்பாகப் பயன்பட்ட பழைய சடுதிமாற்ற முறைகளுக்கு மரபணு மாற்றச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, புதிய திருத்த முறைகளுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. எங்கே விழுந்ததென்று தெரியாத ஆயிரக்கணக்கான மாற்றங்களுக்கு விலக்கு, தெரிந்து செய்த ஒரு மாற்றத்துக்குக் கட்டுப்பாடு என்பது அறிவியலுக்கு ஒவ்வாத பிரிவினை. இந்தியா 2022 மார்ச்சில் அயல் மரபணு புகுத்தாத திருத்தங்களை 1989ஆம் ஆண்டு விதிகளின் பல பிரிவுகளிலிருந்து விலக்கியது, அந்த வகையில் தெளிவான முடிவு.

தமிழ்நாட்டில் செய்யக்கூடியது கண்முன் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, தேனி அருகே அன்னஞ்சியின் உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றம் தூண்டிப் பெற்றது. காம்புப் பக்கம் பச்சை படர்ந்த அந்தத் தட்டையுருண்டைப் பழத்தை மக்கள் 'நாட்டுத் தக்காளி' என்றே வாங்குகிறார்கள். அதன் சுவை நம் சமையலுக்கு ஒத்தது; அதன் விதையை விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதைப் பெரிதும் வாட்டுவது இலைச்சுருள் நோய். டை-5 என்ற எதிர்ப்பு, பெலோட்டா என்ற மரபணுவில் நேர்ந்த ஒற்றை எழுத்து மாற்றத்தால் வருவது என்று 2015இல் இஸ்ரேலிய ஆய்வு காட்டியிருக்கிறது. வலுக்குன்றிய மரபணுவால் வரும் எதிர்ப்பு அது. அத்தகைய மாற்றத்தைத் தூண்டுவது ஈ.எம்.எஸ்.ஸால் ஆகக்கூடிய காரியம். நம் வயலில் திரியும் வைரஸ்களுக்கு அது ஈடுகொடுக்குமா என்பதை நம் வயலில்தான் சோதிக்க முடியும்.

பி.கே.எம். 1 விதையில் சில ஆயிரம் குடும்பங்கள் கொண்ட ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்கி, டி.என்.ஏ. பட்டியலோடு எல்லா ஆய்வாளருக்கும் திறந்துவிட, கோவையிலும் பெரியகுளத்திலும் ஆட்களும் நிலமும் அனுபவமும் இருக்கின்றன. ஒரு திட்டக் காலத்துக்குள் முடிந்துவிடாத, பத்தாண்டு நிதி உறுதி கேட்கும் வேலை இது. அந்த உறுதியை மாநில அரசு தர வேண்டும்.